பெரிய கோயிலில் நிழல் விழும் நேரம்

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் குழந்தைகளோடு வருகிற குடும்பங்கள் பல, வாசலில் வந்து இறங்குவது பதினொரு மணிவாக்கில். திருச்சியிலோ கும்பகோணத்திலோ டிபனை முடித்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பினால் அந்த நேரம்தான் கணக்குக்கு வரும். செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் குதிக்க ஆரம்பிப்பார்கள். பெரியவர்களும் குதிப்பார்கள், கொஞ்சம் கௌரவமாக. சுவாமி பார்த்தாயிற்று, நந்தி முன்னால் படம் எடுத்தாயிற்று என்று அவசர அவசரமாக முடித்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிடுவார்கள். ராஜராஜன் கட்டியதென்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, நேரில் பார்த்ததில் மிஞ்சுவது உள்ளங்கால் எரிச்சல்தான்.

இந்தக் கோயிலுக்கு எந்த மாதம், எந்த நேரம் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று யார் கேட்டாலும் நான் தரையையும் நிழலையும் வைத்துத்தான் பதில் சொல்வேன். திறக்கும் நேரம், சாத்தும் நேரமெல்லாம் அதற்கு அடுத்தபடி. ஒரே நாளில் காலையும் மாலையும் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்பதால், தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் என் மகளையும் அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். மகளுக்கு ஒன்பது வயது. அக்கா மகன் இன்னும் ஒன்றாம் வகுப்புக்குப் போகாதவன். அக்கா தஞ்சாவூர்க்காரி. உள்ளூர்க்காரர்கள் எல்லோரையும்போல, வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் அவளுக்கும் பெரிய கோயில் ஞாபகம் வரும்.

தை மாதத்திலும் எந்த வாரம் என்று பார்க்கவேண்டும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரஜோதி வரை சபரிமலை போகும் வண்டிகள் வழியில் இங்கே நின்றுதான் போகும். மாட்டுப்பொங்கலன்று பெரிய நந்திக்குக் காய்கறியும் பழமும் பலகாரமுமாக அலங்காரம் செய்வார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சிறு பிள்ளையைத் தோளிலிருந்து இறக்க முடியாத கூட்டம். அதெல்லாம் ஓய்ந்து, பள்ளிக்கூடச் சுற்றுலா பஸ்கள் மட்டும் வந்துபோகிற தையின் பின்பாதி நல்ல காலம். சுற்றுலா பஸ்களும் ஒன்பதரைக்கு முன்னால் வருவதில்லை.

நாங்கள் ஏழு மணிக்கு வாசலில் இருந்தோம். அகழியைத் தாண்டி மராட்டியர் காலத்து வாசலில் நுழையும்போது பனி முழுதாக விலகவில்லை. பக்கத்தில் புது ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. 1934-இல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாயைத்தான் ஊரில் இன்னும் புது ஆறு என்கிறார்கள். வழக்கமாக ஜனவரி 28-ஆம் தேதி மேட்டூர் அணையைச் சாத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் வந்தால் ஆறு ஆறாக இருக்கும், பின்னால் வந்தால் பள்ளமாக இருக்கும். பாலத்தின் மேலிருந்து தண்ணீர் பார்க்கவே எங்கள் சின்னவனுக்குக் கால் மணி நேரம் தேவைப்பட்டது. இதற்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு வருவது நல்லது.

செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மா பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னார்: "பத்து, பத்தரைக்குள்ள சுத்திப் பாத்துட்டு வந்துருங்க தம்பி. அப்புறம் புள்ளைங்க உங்க முதுகுலதான் வரும்." நாள் முழுக்க அதே இடத்தில் உட்கார்ந்து மக்களின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் சொல். இதைவிட நம்பகமான ஆலோசனை கிடைக்காது.

மராட்டியர் வாசலுக்கு அடுத்தது கேரளாந்தகன் திருவாசல், அதற்கும் அடுத்தது ராஜராஜன் திருவாசல். காலையில் வருவதன் முதல் பலன் இங்கேயே கிடைத்துவிடுகிறது. கோயில் கிழக்குப் பார்த்தது. அதனால் காலை வெயில் இரண்டு வாசல்களின் முகத்திலும் நேராக விழுகிறது. ராஜராஜன் திருவாசலின் இருபுறமும் நிற்கிற துவாரபாலகர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டு உயரம். சாயங்காலம் வந்தால் இவர்கள் நிழலில் கறுத்துக் கிடப்பார்கள். காலை ஏழரை மணிக்கு விரல் நகம் வரை தெரிகிறார்கள்.

"கதையில ஒரு பாம்பு இருக்கு, கண்டுபிடி" என்றேன் மகளிடம். கண்டுபிடித்துவிட்டாள். துவாரபாலகரின் காலடியில் கதாயுதம், அதைச் சுற்றி ஒரு பாம்பு, அதன் வாயில் பாதி உள்ளே போன யானை.

"யானைய முழுங்குதுப்பா!"

"யானை எவ்வளவு பெருசு?"

"ரொம்பப் பெருசு."

"அதை முழுங்குற பாம்பு?"

"அதைவிடப் பெருசு."

"அந்தப் பாம்பு மேல காலை வச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரு?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் காவலாளியின் கை உள்ளே இருப்பவரைச் சுட்டுகிறது, நானே இவ்வளவு பெரியவன் என்றால் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று கணக்குப் போட்டுக்கொள் என்பதுபோல. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு சிற்பி அளவு என்பதைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதைப் பார்க்காமல் வாசலைக் கடக்கிறவர்கள்தான் அதிகம். பதினொரு மணி வெயிலில் யார் நிற்பார்கள்?

அதே வாசலின் அடிப்பகுதியில் சிறு சிறு சிற்பங்களாகச் சிவன் கதைகள் ஓடுகின்றன. மார்க்கண்டேயன் இருக்கிறான், கண்ணப்பன் இருக்கிறார். குழந்தையின் கண் மட்டத்துக்கே இருப்பதால் பெரியவர்கள்தான் குனியவேண்டும். கண்ணப்பன் கதை சின்னவனுக்குத் தெரியாது. வில்லோடு வந்த வேடன் தன் கண்ணையே பிடுங்கி வைத்த கதையைச் சொன்னதும் அவன் தன் கண்ணைப் பொத்திக்கொண்டான். அடுத்த சிற்பத்துக்குப் போக மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டான். இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது.

உள்ளே நந்தி. நாயக்கர் காலத்தது. ஒரே கல், சுமார் 12 அடி உயரம், 19 அடிக்கு மேல் நீளம். இது வளர்ந்துகொண்டே வந்ததாகவும், முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஊரில் ஒரு கதை உண்டு. அக்கா அதை நிஜம்போலவே சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாக் கதையையும் உடைத்துக்கொண்டே போனால் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிவந்து என்ன பயன்? ஆனால் இந்தக் கோயிலில் சோதித்துப் பார்க்கவேண்டிய கதை ஒன்று இருக்கிறது, நேரத்தோடு நேரடித் தொடர்புள்ளது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது அது.

கருவறைக்குக் காலையிலேயே போய்விடுவது உசிதம். எட்டு மணிக்கு வரிசை சிறியது. பெருவுடையார் லிங்கம் ஆள் உயரத்தின் இரண்டு மடங்கு இருக்கும். வெளியில் அந்தத் துவாரபாலகர் காட்டிய கணக்கு இங்கே வந்துதான் முடிகிறது. சின்னவன் அபிஷேகத்துக்காகப் போட்டிருந்த மேடையைப் பார்த்துவிட்டு, "சாமி குளிக்க ஏணி வேணுமா மாமா?" என்று சத்தமாகக் கேட்டான். முன்னால் நின்ற பாட்டி திரும்பிச் சிரித்தார். கூட்ட நேரத்தில் இதே வரிசை நீண்டு, இருட்டும் புழுக்கமுமான மண்டபத்துக்குள் பிள்ளைகள் அழத் தொடங்கிவிடும். நடை நண்பகலில் சாத்தினால் மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும்.

வெளியே வந்ததும் நிழல் வேட்டை.

1010-ஆம் ஆண்டு, தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டில், ராஜராஜன் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டுச் சொல்கிறது. விமானத்தின் உயரத்தை 216 அடி என்று சொல்வது வழக்கம். அடித்தளம் ஒவ்வொரு பக்கமும் சுமார் 100 அடி. இவ்வளவு அகலமான அடியிலிருந்து குறுகிக்கொண்டே போகிற கட்டடத்தின் உச்சி நிழல் தரையைத் தொடவேண்டுமானால் சூரியன் ஓரளவாவது சாய்ந்திருக்கவேண்டும். நேர் உச்சியை ஒட்டி நின்றால் நிழல் கட்டடத்தின் மேலேயே விழுந்து முடிந்துவிடும். தஞ்சாவூரில் பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை நண்பகலை ஒட்டிய கொஞ்ச நேரம் இப்படி நடக்கும். அந்த நேரத்தில் வந்து பார்த்த யாரோ நிழலைக் காணோம் என்று சொல்லியிருக்கவேண்டும். அது பரவிவிட்டது. மார்கழி, தையில் சூரியன் தெற்கே இறங்கிவிடுவதால் உச்சிப்பொழுதில்கூட வடக்குப் பக்கத் தரையில் நிழல் எண்பது, தொண்ணூறு அடிக்கு நீண்டு கிடக்கும்.

நாங்கள் பார்க்க ஆரம்பித்தபோது நிழல் மேற்கு மதிலைத் தாண்டி வெளியே போயிருந்தது. மணி ஆக ஆகச் சுருங்கி உள்ளே வந்தது. ஒன்பதரைக்குமேல் கலசத்தின் நிழலைத் தேடிக்கொண்டு மகள் வடமேற்கு மூலைக்குப் போனாள். அங்கேதான் முருகன் சன்னதி. நாயக்கர்கள் கட்டியது. தூணிலும் சுவரிலும் அவ்வளவு நுணுக்கமான வேலை. விமானத்தின் பிரம்மாண்டத்தைப் பார்த்த கண்ணோடு வருகிறவர்கள் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. நிழலைத் துரத்தி வந்ததால் நாங்கள் பார்த்தோம்.

பத்து மணி தாண்டிய சமயம் மகளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அவள் நிழல் முடிகிற இடத்தில் அக்காவின் கைப்பையை வைத்தோம். பிறகு அவளையே படுக்கச் சொன்னோம். உயரமும் நிழலும் ஏறக்குறைய ஒன்று.

"இப்ப உன் நிழல் உன் உயரம். அப்ப கோயில் நிழல்?"

"கோயில் உயரம்!" என்றவள் உடனே நிழலின் ஓரமாக நடந்து காலடி எண்ண ஆரம்பித்தாள். விமானத்தின் நடுவிலிருந்து எண்ணவேண்டும், சுவரிலிருந்து எண்ணினால் ஐம்பது அடி குறையும் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பாதியில் ஒரு அணில் குறுக்கே போனதில் எண்ணிக்கை மறந்துவிட்டது. பரவாயில்லை. நிழல் இருக்கிறது என்பதைக் காலால் மிதித்துப் பார்த்துவிட்டாள். அடுத்து யார் அந்தக் கதையைச் சொன்னாலும் சண்டைக்கு நிற்பாள்.

உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பதும் இந்த வகைதான். பல துண்டுகளைப் பொருத்திச் செய்தது என்று கட்டடத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைக் கீழே நின்று சோதிக்க வழியில்லை என்பதால் பிள்ளைகளிடம் பேச்சை எடுக்கவில்லை.

பத்தரைக்குத் தெற்குப் பக்கத் தரை சூடேறத் தொடங்கியது. தளத்தில் கல்லும் செங்கல்லும் பாவியிருக்கிறார்கள், இரண்டும் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும். நடக்கிற வழியில் விரிப்பு போட்டிருந்தாலும் பிள்ளைகள் விரிப்பின் மேல் நடப்பார்களா? சின்னவன் இறங்கி ஓடினான், இரண்டு குதி குதித்தான், திரும்பி என்னை நோக்கிக் கையைத் தூக்கினான். முதுகில் ஏற்றிக்கொண்டேன். அப்போது கவனித்தேன், வடக்குப் பக்கம் தரை சில்லென்று இருந்தது. தையில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே ஒதுங்கிப் போவதால் கோயிலின் வடக்கே எப்போதும் கொஞ்சம் நிழல் கிடக்கும். இந்த மாதங்களில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் வலம் வருவதை முடித்ததும் வடக்குப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளலாம். சண்டிகேசுவரர் சன்னதி ஓரத்தில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு பெரிய குடும்பம் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கப்போய்க் காவலரிடம் பேச்சு வாங்கியது. சாப்பாடு வெளியில்தான்.

எதிரே பள்ளிக்கூடப் பஸ்கள் மூன்று நான்கு வந்து சேர்ந்து, சீருடைப் பிள்ளைகள் இரட்டை வரிசையில் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஒருவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். நாங்கள் கிளம்பினோம்.

நடுப்பகலை எங்கே கழிப்பது என்பதற்குத் தஞ்சாவூரில் விடை சுலபம். அரண்மனை பக்கத்திலேயே இருக்கிறது, கூரை இருக்கிறது. கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பெரியவர்கள் பார்க்கலாம். பிள்ளைகள் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத்தான் பார்ப்பார்கள். எங்கள் சின்னவன் அன்றைக்கு வீட்டில் சொன்ன ஒரே செய்தி திமிங்கலம். பிறகு அக்கா வீட்டில் சாப்பாடு, பாயை விரித்து எல்லோரும் ஒரு தூக்கம். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வசதி இருக்காது. அவர்கள் காலை, மாலை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதே நல்லது. நடுவில் பிள்ளைகளைத் தூங்கவைக்க இடமில்லாமல் இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் மாலையில் யாருக்கும் கோயில் தெரியாது.

மாலை நாலரைக்குத் திரும்பி வந்தோம். அதே கோயிலா என்று இருந்தது. காலையில் தேடிப் போய்ப் பார்த்த நிழல் இப்போது எதிர்ப் பக்கம் சாய்ந்து, அம்மன் சன்னதிப் பக்கமாக ஓடி, வடக்குத் திருச்சுற்று மாளிகைமேல் ஏறி மறைந்திருந்தது. "அப்பா, நிழல் இடம் மாறிடுச்சு" என்றாள் மகள். வகுப்பில் பூமி சுற்றுவதைப் பந்தும் டார்ச்சும் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே 200 அடி முள் ஒன்று நிற்கிறது.

மாலை வெயில் விமானத்தின் மேற்கிலும் தெற்கிலும் விழுந்தது. காலையில் சாம்பலாகத் தெரிந்த கல் இப்போது மஞ்சளும் செம்மையுமாக இருந்தது. படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இந்த நேரத்துக்குத்தான் வருவார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் எனக்கு மாலை பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. தெற்குச் சுவரில் வெயில் இப்போது நேராக விழாமல் பக்கவாட்டில் சரிந்து வருகிறது. அடித்தளம் முழுக்க ஓடுகிற கல்வெட்டுகளில் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் தங்கி எழுத்துகள் மேலெழுந்து நிற்கின்றன. நண்பகலில் இதே சுவரைப் பார்த்தால் வெறும் சொரசொரப்புதான்.

"இது தமிழா?" என்றாள்.

"தமிழ்தான். ஒண்ணு ரெண்டு எழுத்து உனக்குத் தெரியும், தேடு."

'ட'வைக் கண்டுபிடித்தாள். 'ப' மாதிரி ஒன்றைக் காட்டினாள். 'க' வேறு மாதிரி இருந்தது. அப்புறம் இதில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்வி வந்தது. வந்தே தீரும், பதிலோடு வாருங்கள். ராஜராஜன் தான் கொடுத்ததையும், அக்கா குந்தவை கொடுத்ததையும், அரசிகளும் மற்றவர்களும் கொடுத்ததையும் எழுதிவைக்கச் சொன்னான் என்றேன். அக்கா கொடுத்ததையும் எழுதினான் என்பதில் என் அக்காவுக்கு ஏகத் திருப்தி. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அதை வளர்க்கிறவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்கவேண்டும் என்ற கணக்கையும் சொன்னேன்.

"ஆடு செத்துப்போச்சுன்னா?" என்றான் சின்னவன்.

"குட்டி போடும்ல, அதை வச்சுக் கணக்கைச் சரி பண்ணிக்கணும். நெய் குறையக்கூடாது."

மகளுக்குப் பிடித்தது இன்னொரு பட்டியல். கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்களிலிருந்து வரவழைத்த 400 பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று எல்லாம் இந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. "டோர் நம்பர் கூடவா?" என்று கேட்டாள். ராஜாவின் பெயர் இருப்பது அவளுக்கு அதிசயமாகத் தெரியவில்லை. வீட்டு வரிசையோடு நானூறு அக்காக்களின் பெயர் கல்லில் இருப்பதுதான் அதிசயம். அவள் சொல்வதும் சரிதான்.

ஐந்தரைக்குத் தெற்குப் புல்தரையில் உட்கார இடம் கிடைத்தது. கல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, சுடவில்லை. உள்ளூர்க் குடும்பங்கள் வர ஆரம்பித்திருந்தன. வேலை முடிந்து வந்தவர்கள், நடைபயிற்சிக்கு வந்தவர்கள், மனப்பாடம் செய்யப் புத்தகத்தோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள். சின்னவனுக்கு இன்னொரு சின்னவன் கிடைத்துவிட்டான். இருவரும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பிள்ளைகள் ஓட முடிகிற கோயில் என்பது மாலை நேரத்துப் பெரிய கோயில்தான். காலையில் பார்க்கலாம், மாலையில் இருக்கலாம். ஒரே ஒரு நேரம்தான் வாய்க்கும் என்றால், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மாலையைச் சொல்வேன். கேள்வி கேட்கிற வயதுப் பிள்ளைக்குக் காலை.

மாலையிலும் விலக்கவேண்டிய நாள் உண்டு. பிரதோஷத்தன்று நாலரை மணியிலிருந்து பெரிய நந்திக்கு அபிஷேகம். பாலும் மஞ்சளும் சந்தனமும் மாறி மாறி வழிவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த உயரத்துக் கண்ணுக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் இடுப்பு மட்டும். தோளில் தூக்க இரண்டு ஆள் இருந்தால் வாருங்கள். ஐப்பசியில் சதய விழா நடக்கும்போதும் அப்படியே. காலண்டரில் பிரதோஷம் போட்டிருக்கும், கிளம்புமுன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. மூடாக்கு போட்ட நாளில் தரை நாள் முழுக்கக் குளிர்ந்திருக்கும், எத்தனை மணிக்கும் வரலாம். நிழல் விளையாட்டு மட்டும் கிடையாது. ஆனால் நனைந்த கல் வழுக்கும். ஓடுகிற பிள்ளை விழாமல் இருக்காது. அக்கா மழைநாளையே விரும்புகிறாள், கூட்டமில்லை என்று. நான் அவள் கட்சியில்லை.

பெரும்பாலான குடும்பங்களுக்கு வாய்ப்பது என்னவோ மே மாத விடுமுறைதான். அக்னி நட்சத்திரத்தில் தஞ்சாவூர்த் தரையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அப்போது காலை வருவதானால் ஏழுக்கு வந்து ஒன்பதுக்குள் வெளியே போய்விடவேண்டும். மாலை நாலரை, ஐந்து என்பதெல்லாம் தையின் கணக்கு, மேயில் உதவாது. பகலெல்லாம் வெந்த கல் ஆறு மணி வரைகூடச் சூட்டை விடாது. ஆறேகாலுக்கு மேல் வந்து, விளக்குப் போட்ட விமானத்தைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குக் கிளம்பலாம். எல்லோரும் சின்னத் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்கள், மேயில் அது போதாது. கழிப்பறை வேலையையும் வாசலுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ளவேண்டும். உள்ளே போனபின் பிள்ளை கேட்டால் அவ்வளவு தூரமும் திரும்பி நடக்கவேண்டும்.

மே மாதத்துக்கென்று ஒரு லாபமும் இருக்கிறது. விமானத்தின் வடக்கு முகத்தில், உயரத்தில், தொப்பி வைத்த ஐரோப்பியர் முகம்போல ஒரு சுதைச் சிற்பம் உண்டு. சோழர் கோயிலில் வெள்ளைக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டால், பின்னால் பழுதுபார்த்த காலத்தில் சேர்ந்தது என்பதுதான் பொருத்தமான பதில். தையில் வடக்கு முகத்தில் வெயிலே படுவதில்லை. நாங்கள் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தும் கறுப்பாக ஒரு தலைதான் தெரிந்தது. சித்திரைக்குப் பிறகு சூரியன் வடக்கே ஏறிவிடுவதால் மாலை வெயில் அந்தப் பக்கம் விழும். நிழல் தெற்கே சாய்ந்துகொள்ளும். தையில் வடக்குப் பக்கம் உட்கார்ந்தவர்கள் மேயில் தெற்குப் பக்கம் உட்காரவேண்டும்.

"அப்ப மே மாசம் தொப்பிக்காரரைப் பாக்க வரலாமா?" என்றாள் மகள்.

அக்கா நாத்தனார் பிள்ளைகளும் அப்போது வந்துவிடும், மொத்தம் ஆறு உருப்படி ஆகும் என்று கணக்குப் போட்டாள். "மத்தியானம் எல்லாத்தையும் எங்க வீட்லயே தூங்கப் போடு. அஞ்சே முக்காலுக்குக் கெளம்புவோம். அதுக்கு முன்னாடி யாரும் வாசப்படியத் தாண்டக்கூடாது" என்றாள். செருப்பைத் திரும்ப வாங்கும்போது சின்னவன் தூங்கிவிட்டிருந்தான். பழைய பேருந்து நிலையம் வரை அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கமுடியாது என்று ஆட்டோ பிடித்தோம்.